செவிலி கூற்றும் சிறுவர் இல்லமும்

அகப்பாடல்களை ஆராய்வோர் நற்றாயின் புலம்பலையும் செவிலியின் புலம்பலையும் தாய்மைத் துயர் என ஒன்றாக்கி நயம் கூறுவது வழக்கம். இவ்வழக்கு ஓர் உண்மையை மறைத்துவிடுகின்றது. செவிலி பெற்றவள் அல்லள். பிறர் மகவை வளர்க்கும் பணியினள்.

தொல்காப்பியர் இதனை உணர்ந்தவர். தாய் எனச் சிறப்பித்துக் கூறப்படுபவள் செவிலியே எனக் களவியலில் உரைக்கும் அவர், தோழி அச்செவிலியின் மகள் என்பதையும் அடுத்தே கூறுகின்றார். செவிலியின் சொந்த மகளும் பிறர் மகளுக்குத் துணையாகவே வாழ்கின்றாள். தாய் என்னும் பெயர் செவிலிக்கு உண்டு. மகட்கொடையை முடிவுசெய்யும் உரிமை இல்லை.

நற்றாய் மனையிலிருந்து வருந்த, சுரத்திலே தேடிச் செல்பவள் செவிலி. குறுந்தொகை 44ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டும் செவிலிக்குக் கால்கள் ஓய்ந்தன. எதிர்வருவோரை நோக்கி நோக்கிக் கண்கள் ஒளியிழந்தன. அவளை நடத்துவது அன்பா, கடமையா? பாடல் இரண்டையும் பிரிக்கவில்லை. அதுவே அதன் சிறப்பு.

கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூர், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும் 2006 ஆகஸ்டில் போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஊர். இத்தகைய ஊர்களின் பிள்ளைகளை ஏற்கும் சிறுவர் இல்லங்களின் பராமரிப்பாளரை எண்ணும்போது இப்பாடல் புதிதாய் விளங்குகின்றது. ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் என ஒரு மகவுக்கு ஐவகைத் தாயரைக் கூறுவது பழைய மரபு. இன்றைய இல்லத்திலோ பல பிள்ளைகளுக்கு ஒருத்தியே ஐவராக நிற்க நேர்கின்றது.

இரண்டு நிலைகளும் முற்றும் ஒன்றல்ல. தலைவி தன் விருப்பாற் சென்றவள். இல்லத்துப் பிள்ளை பிறரால் கொண்டுவந்து விடப்பட்டது. இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடுள்ளனர். பலரைப் பிரித்தது வறுமையே. குடும்பத்தோடு மீளச் சேர்ப்பதே நோக்கமாதல் வேண்டும் என 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. பிள்ளை வீடு திரும்பும் நாள் பராமரிப்பாளரின் பணி நிறைவுறும் நாள். அவர் அப்பிள்ளையை இழக்கும் நாளும் அதுவே. ஒட்டாது வளர்த்தால் பிள்ளை வாடும். ஒட்டி வளர்த்தால் வளர்த்தவர் வாடுவார்.

இவ்விடர்ப்பாட்டைத் தாய்மை என்னும் புகழ்மொழியால் மூடுதல் தகாது. தாய்க்குக் கூலி ஏன், ஓய்வு ஏன் என்னும் வினாக்கள் அப்புகழிலிருந்தே பிறக்கின்றன. செவிலியின் அன்பைப் போற்றும் திறனாய்வு, அவள் கால்கள் ஓய்ந்ததையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.