கொலத்தின் பூர்வீகம்

கற்பனை உயிரினமொன்றைப் படைப்பவன் அதன் பூர்வீகத்தையும் சொல்லத்தான் வேண்டுமா? டோல்கீனின் 'ஹொபிட்' நாவலை மீள வாசிக்கையில் எழும் கேள்வி இது.

மலைக்கடியில் ஓர் இருட்டு ஏரி. அதன் நடுவே பாறைத் திட்டில் கொலம் வாழ்கிறது. வெளிறிய பெருங்கண்கள், சத்தமில்லாத தோணி. குருட்டு மீனைப் பிடிக்கும். தனியே அகப்படும் கொப்ளின் பூதத்தைப் பின்னாலிருந்து நெரித்துத் தின்னும். எங்கிருந்து வந்ததென்று தனக்கே தெரியாது எனக் கதைசொல்லி விட்டுவிடுகிறார்.

1937 இல் வந்த முதற் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்ற கொலம் பந்தயப் பொருளான மோதிரத்தைத் தேடுகிறது. காணவில்லை. மன்னிப்புக் கேட்டு, பதிலாக வெளியேறும் வழியைக் காட்டுகிறது. வாக்குத் தவறாத ஜீவன்! 1951 பதிப்பிலோ அதே கொலம் கொல்லப் பார்க்கிறது. தப்பியவனைக் கள்ளன் என்று சபிக்கிறது. அடுத்து வரவிருந்த 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' (1954-55) கதைக்கு மோதிரம் தீயதாக வேண்டும்; அதற்காகக் கொலத்தின் நாணயம் பறிக்கப்பட்டது. பழைய பிரதி பில்போ சொன்ன பொய் என்று சமாளித்தது கெட்டிக்காரத்தனம்தான். அந்தப் பெருங்கதை கொலத்துக்கு ஆற்றோரக் குடியொன்றையும் ஸ்மியகோல் என்ற பெயரையும் கொடுக்கிறது. நமக்கு இரக்கம் கூடுகிறது. அதன் அந்நியம் செத்துப்போகிறது.

கேரளத்து மலப்புறத்தில், 2018 பெருவெள்ளத்தின் பின் வெளிப்பட்ட நிலத்தடி மீனொன்றுக்கு 2019 இல் 'எனிக்மசன்னா கொலம்' என்று பெயரிட்டார்கள். நமது விராலுக்குத் தூரத்து உறவு. அதே ஆண்டு திருவல்லாக் கிணற்று மீனுக்கு 'மகாபலி' என்று பெயர். ஒருவன் பாதாளத்தில் உருக்குலைந்தவன், மற்றவன் பாதாளத்துக்கு அழுத்தப்பட்டவன். மீனோ யாரிலிருந்தும் கெட்டுப்போனதல்ல.

நம் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26 இன் பின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளை எழுதிய கதைகளில் கிணறு வருகிறது. நான் வாசித்தவற்றில் அது உப்பேறிய இழப்பின் அடையாளம் மட்டுமே. இந்த மணற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உப்பு மேலேறும். அன்று இறைத்தவர்கள் பட்டறிந்தது இது. இத்தனை நுட்பமான உலகத்தில் எதையும் வாழவிட நமது கதைஞர்களுக்குத் தோன்றவில்லை. பாழ்கிணற்று ஜின்னைப் பற்றிச் சொன்ன மூத்தம்மாமார் அதன் வம்சத்தை விளக்கவில்லை. பிஸ்மி சொல்லி வாளியை இறக்கச் சொன்னார்கள். அங்கிருந்து எழுத முனைபவருக்கு 1937 இன் கொலம் உதவும். 1951 இனது உதவாது.