கல் சொல்லும் பொய், கல் சொல்லும் மெய்

சிலையைக் கண்டால் "செதுக்கியவன் யார்?" என்று கேட்கிறோம். கட்டடத்தைக் கண்டால் "கட்டிய காலம் எது?" என்று கேட்கிறோம். "கட்டச் சொன்னவன் யார்? கல் சுமந்தவன் யார்?" என்று கேட்போர் எத்தனை பேர்?

கேட்டே தீரவேண்டிய இடமொன்று கிரேக்க நாட்டில் உண்டு. லாவ்ரியோ துறைமுகத்துக்கு எதிரே, சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள வறண்ட தீவு. மக்ரோனிசோஸ் என்று பெயர். 'நீண்ட தீவு' என்பது பொருள்.

1941 ஏப்ரலில் நாஜிப் படை கிரேக்கத்துள் புகுந்தது. மே 30 இரவில் மனோலிஸ் கிளெசோஸ், அபோஸ்தொலோஸ் சாந்தாஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் அக்ரோபொலிஸ் குன்றேறி நாஜிக் கொடியை இறக்கினர். செப்டம்பரில் தேசிய விடுதலை முன்னணி பிறந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் மக்கள் பசியால் மாண்டனர். ஆயினும் எதிர்ப்பு மாளவில்லை. 1944 அக்டோபரில் ஏதென்ஸ் விடுதலை கண்டது.

போராடியவர்க்குக் கிடைத்த பரிசு என்ன? மாலையா? மரியாதையா? இல்லை, சிறை! உள்நாட்டுப் போர் மூண்டது. 1947இல் மக்ரோனிசோஸ் முகாம் திறக்கப்பட்டது. இடதுசாரிகள் என ஐயுறப்பட்ட படைவீரர்கள் முதலில் அடைக்கப்பட்டனர். பின்னர் பொதுமக்கள், பெண்கள். நாஜிகளை எதிர்த்து நின்ற பலரும் அவர்களுள் இருந்தனர். கவிஞர் யானிஸ் ரித்சோஸ் அங்கே அடைபட்டார். இசைவாணர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் அங்கே வதைபட்டார். ஆள்வோர் கேட்டது ஒரு கையொப்பம்: கொள்கையைத் துறந்தேன், மனம் வருந்தினேன் என்னும் முறியில்.

அந்தக் கைதிகளைக் கொண்டே பார்த்தினான் கோயிலின் சிறு படிவங்களை அங்கே எழுப்பினர். வந்த விருந்தினர்க்கு அவற்றைக் காட்டி, "பாரீர், திருந்திய மக்களின் கைத்திறன்!" என மகிழ்ந்தனர். தூண்கள் உண்டு, முகப்பு உண்டு. உண்மை மட்டும் இல்லை. பழம்பெருமையைக் காட்டி நிகழ்காலக் கொடுமையை மறைப்பது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். அசல் பார்த்தினானை எழுப்பிய ஏதென்சும் அடிமைகளை வைத்திருந்த நகரமே என்பதை நாம் மறக்கலாமா?

நாஜி எதிர்ப்பைத் தேசிய எதிர்ப்பென்று கிரேக்க அரசு சட்டத்தால் ஏற்றது 1982இல். விடுதலைக்குப் பின் 38 ஆண்டுகள்! 1989இல் மக்ரோனிசோஸ் வரலாற்றுச் சிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தீவே நினைவுச்சின்னமாயிற்று.

அந்தப் பொய்ப் படிவங்களை இடித்துவிடலாமே என்பார் உண்டு. கூடாது என்பேன். பொய்யை அழித்தால் பொய்யனுக்கே ஆதாயம். இன்னார் ஏவ, இன்னார் சுமந்தார் என அருகில் எழுதி வைத்தால் அதே கல் சாட்சி சொல்லும்.

மற்றொன்றும் சொல்வேன். நிமிர்ந்த மார்பும் உயர்ந்த கையுமாக நிற்கும் வீரர் சிலைகள் பாதி உண்மையே கூறுகின்றன. அடி பொறுக்காமல் கையொப்பமிட்டவனுக்கு எந்தப் பீடத்தில் இடம்? அவனும் ஒருநாள் துப்பாக்கிக்கு அஞ்சாமல் நின்றவன்தானே! அவனைக் கோழை என்போமானால், வதைத்தவன் எழுதிய தீர்ப்பை நாமே படித்தவராவோம். வளையாதவனைப் போற்றுவோம், வளைக்கப்பட்டவனையும் நினைவில் வைப்போம், வளைத்தவனின் பெயரைக் கேட்போம்.

நினைவுச்சின்னம் கும்பிடுவதற்கு அன்று, கேள்வி கேட்பதற்கு. கேள்வி நின்ற இடத்தில் வீரனும் வெறுங்கல்லாவான்.