முதுகில் தெரியும் ராணி

பென்னி ரெட் அஞ்சல்தலை கைக்கு வந்ததும் விக்டோரியா ராணியின் முகத்தையும் கீழ்மூலை எழுத்துகளையும் பார்ப்பவர்கள் ஒரு ரகம். ட்வீசரால் பிடித்த கையோடு திருப்பிப் போடுகிறவர்கள் இன்னொரு ரகம். தாளையும் நிறத்தையும் வைத்தே வயதைச் சொல்லிவிடும் சாமர்த்தியம் பெரும்பாலும் இரண்டாம் ரகத்தாருக்குத்தான் வாய்க்கிறது.

அதற்கு முன்பிருந்த பென்னி பிளாக்கின் மேல் குத்திய சிவப்பு முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் 1841 பிப்ரவரியில் அஞ்சல்தலை சிவப்பானது. முத்திரை மை கறுப்பானது. அச்சுக்கூடத்துக்குள் போனது வெள்ளைத் தாள்தான். ஆனால் பெர்க்கின்ஸ் பேகன் அச்சகத்தின் மையில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு இருந்தது. அச்சுக்காக ஈரப்படுத்திய தாளில் அது தன் வேலையைக் காட்ட, தாள் நீலம் பாரித்தது. சிலவற்றில் லேசாக, சிலவற்றில் அடர்த்தியாக.

இந்த நீலத்தின் உச்சம் ஐவரி ஹெட். அஞ்சல்தலையைத் திருப்பினால் முதுகெங்கும் நீலம் பரவியிருக்க, ராணியின் தலை இருக்கும் இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். நெற்றி, மூக்கு, கொண்டை, கழுத்து வெட்டு எல்லாம் அப்படியே தெரியும். முன்பக்கம் இடப்புறம் பார்க்கும் விக்டோரியா இங்கே வலப்புறம் பார்ப்பார். முன்பக்க உருவத்துக்கான செதுக்கு வேலை சார்லஸ் ஹீத், ஃபிரெடரிக் ஹீத் என்ற தந்தை மகனுடையது. முதுகில் விழுந்த உருவத்துக்கு எந்தக் கலைஞரும் உரிமை கோர முடியாது. வேதியியல் தானாக வரைந்தது அது. நல்ல ஐவரி ஹெட் ஒன்று ஆல்பத்தில் இருந்தால் முன்பக்கம் சற்று மங்கல், ஓரம் கொஞ்சம் குறைவு என்பதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஒரு ஷீட்டின் 240 தலைகளையும் எழுத்துச் சோடி வாரியாகத் தேடிச் சேர்ப்பவர்களின் பொறுமை பெரியதுதான். ஆனாலும் கட்டம் நிரம்புகிற மகிழ்ச்சி வேறு, ரசனை வேறு.

நம்மூர் சேகரிப்பாளர்கள் சிலர் 1855-இல் டி லா ரூ அச்சகம் இந்தியாவுக்காக அச்சிட்ட கறுப்பு நாலணா தலையை உயர்த்திப் பேசுவார்கள். மெருகேற்றிய நீலத் தாளில் கறுப்பு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நீலம் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நீலம். எல்லாத் தலையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பென்னி ரெட்டின் நீலம் கேட்காமல் வந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு விதம். பெர்க்கின்ஸ் பேகனிலிருந்து இலங்கைக்குப் போன 1857-ஆம் ஆண்டின் ஆறு பென்ஸ் தலையிலும் நீலம் பாரித்த தாளைப் பார்க்கலாம்.

பென்னி ரெட்டில் 1857 வாக்கில் நீலம் ஓய்ந்து, வெள்ளைத் தாளில் ரோஸ் சிவப்பு வந்தது. இடையில் வந்த பாலாடை நிறத் தாள்கள்தான் கண்ணுக்கு உண்மையான பரீட்சை. கேட்டலாக்கின் ஷேடு பெயர்கள் அங்கே அவ்வளவாகக் கை கொடுப்பதில்லை. தேதி முத்திரை உள்ள தலைகளைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும்.

அந்தப் பழக்கம்தான் இப்போது அருகிவருகிறது. மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்த செல்போன் படத்தைப் பார்த்து ஷேடைத் தீர்மானிக்கிறார்கள். காரம் கலந்த நீரில் பென்னி ரெட்டின் நீலம் கலைந்துவிடும் என்று தெரியாமல் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. விற்பனைப் படங்களோ முன்பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. முதுகின் படத்தையும் அனுப்பச் சொன்னால், கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று விற்பவர் நினைத்துக்கொள்கிறார்.