இடியப்ப உரலில் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு மசியலை மட்டக்களப்புச் சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே உருளைக்கிழங்கென்றால் பால்கறி, பிரட்டல், இல்லாவிட்டால் ரோல்ஸுக்குள்ளும் கட்லட்டுக்குள்ளும் போகிற கலவை. ஆனாலும் பல்லுப் போன அப்பாச்சியோ காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையோ இருக்கும் வீட்டில் மசியல் செய்யாமல் முடியாது. பகலில் மசித்தது இரவுக்கும் வரவேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பெரும்பாலும் அது வருவதில்லை: ஒன்றில் பசையாகிறது, இல்லாவிட்டால் மணல்போல் உதிர்கிறது.

கிழங்கைக் குறை சொல்வது எளிது. வெலிமடை, நுவரெலியா கிழங்கு நல்லது, கப்பலில் வருவது கூடாது என்பார்கள். வெளிநாட்டுக் கிழங்குக்குச் செம்மண் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்ற செய்திகளைப் பத்திரிகைகளிலேயே படித்திருக்கிறோம்; அதனால் அந்த வாதத்தை நான் நீட்டப்போவதில்லை. என் பார்வையில் குற்றம் கிழங்கில் அல்ல, கருவியில்.

அவித்த கிழங்கின் ஒவ்வொரு கலமும் வீங்கிய மாவைக் கட்டிவைத்திருக்கும் சிறு பை. பிளெண்டரின் கத்தி அந்தப் பைகளைக் கிழித்துவிடும். வெளியே வந்த மா பசையாகும். அதை எந்தப் பாலும் மீட்காது. அகப்பையின் பின்பக்கத்தால் நசித்தால் பசை குறைவு, கட்டி மிச்சம். மேல்நாட்டில் இதற்கென்றே துளைத்தட்டு வைத்த அழுத்தியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதே கருவி நம் குசினியில் இடியப்ப உரலாக இருக்கிறது. தோலுரித்த கிழங்கைச் சுடச்சுட உரலில் வைத்து அழுத்திப் பாருங்கள்: வெள்ளை நூலாகத் தட்டில் விழும், கட்டி ஒன்றுகூட இராது. அழுத்துவது ஒரே தரம், பிசைவது இல்லை. ஆறிய கிழங்கென்றால் கை நோகும், நூலும் அறும். காய்ந்த அரிசிமா ஒட்டிய உரலை முதலில் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எதை ஊற்றுவது என்பதில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. பிரெஞ்சுச் சமையல்காரர் ஜோயல் றோபுஷோன் ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ பட்டர் எழுதினார். இங்கே அதைச் செய்ய நினைத்தால் மாதச் செலவு ஆடிப்போகும். படுவான்கரைப் பக்கத்து எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழளவு கொழுப்பு உண்டு. கொதிக்கக் காய்ச்சி ஊற்றினால் பட்டர் ஒரு தேக்கரண்டி போதும். தேங்காயின் முதற்பாலும் பச்சைமிளகாயும் சேர்த்தால் வாசனை அதைவிடத் தூக்கல்தான், ஆனால் வாயில் நிற்பது சொதியின் ருசி, கிழங்கின் ருசி அல்ல.

முதற்பாலின் உண்மையான தோல்வி இரவில் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் பகல் வைத்த தேங்காய்ப்பால் பின்னேரமே புளிக்கும். பிறிட்ஜில் வைத்துக் காப்பாற்றினாலும் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம்வரை கறண்ட் நின்ற நாள்களை நினைப்பவருக்குப் பிறிட்ஜை முழுக்க நம்பமுடியாதென்று சொல்லத் தேவையில்லை.

மசியல் ஆறும்போது மா மறுபடி இறுகும். சூடாக்கினால் அதில் ஒரு பகுதிதான் இளகும். அந்த இறுக்கத்தையே பயனாக்கி 1950களில் பிலடெல்பியாவுக்கு அருகே, வெந்நீர் ஊற்றினால் மசியலாகிற உலர்ந்த கிழங்குச் செதிலைக் கண்டுபிடித்தார்கள்: கிழங்கை 70 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறவிட்டு, பிறகு அவிப்பது. மா கலத்துக்குள்ளேயே இறுகிவிடுவதால் பிறகு பசையாவதில்லை. வீட்டிலும் செய்யலாம். ஆனால் ஒரு சட்டிக் கிழங்குக்கு இரண்டு தரம் காஸ் எரிக்க எனக்கு மனமில்லை.

எடுத்துவைத்த மசியலை இரவில் தாச்சியில் சூடாக்கினால் அடிப்பிடிக்கும், அடிப்பிடிக்காமல் கிண்டினால் பசை திரும்பும். மைக்ரோவேவில் ஓரம் காயும், நடு குளிர்ந்தே இருக்கும். நான் கண்டதில் சரியாக வந்தது பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. துணி விரித்து, பாலில்லாத மசியலை உதிர்த்துப் போட்டு, மேலே இன்னொரு துணியால் மூடிப் பத்து நிமிடம். ஆவி உள்ளே இறங்கி ஈரம் திரும்புகிறது, மூடித்தண்ணி சொட்டுவதைத் துணி வாங்கிக்கொள்கிறது. நடுவும் ஆவி பறக்கச் சுட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவித்த கிழங்கிலும் சில கிருமிகளின் வித்துகள் சாகாமல் இருந்து, ஆறிய பிறகு முளைத்துப் பெருகலாம். பிறகுதான் கொதித்த பாலும் உப்பும்.

ஆக, உரலுக்கும் நீத்துப்பெட்டிக்கும் முழு மதிப்பெண், பிளெண்டருக்குப் பூச்சியம். தேங்காய்ப்பால் மசியல் அந்த நேரத்துக்கு மட்டும். இரவுக்கு எடுத்துவைப்பதில் பால் விடாதீர்கள். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணிநேரத்துக்குள் பிறிட்ஜுக்குள் தள்ளுங்கள். பிறிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டும் அவியுங்கள். இரவில் சூடாக்கியதை மறுபடி சூடாக்க வேண்டாம்; சூடாக்காமல் பிறிட்ஜில் மிஞ்சியதை மறுநாள் மீன் உதிர்த்துப் போட்டுக் கட்லட்டாக நன்றாகப் பொரித்துவிடுங்கள்.