மூன்று நிமிடக் காணொளியை எத்தனை முறை பார்ப்பது?

சென்ற விடுமுறையில் ஒரு வேலை செய்தேன். என் உயர்நிலை மூன்று மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சி ஒலிப்பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். பதினோரு பேர். பதினோரு பேரும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். "நான் பாத்த காணொளியில ஒரு முதியவர் பேருந்துல ஏறுறாரு. ஒரு மாணவன் கைப்பேசியப் பாத்துக்கிட்டு இருக்கான்." அப்புறம் கொஞ்சம் பட்டியல். அப்புறம், "அதனால நாம முதியவர்கள மதிக்கணும்." முடிந்தது. உச்சரிப்பு நன்றாக இருக்கிறது. சொல்வளமும் பரவாயில்லை. ஆனால் ஒருவர்கூட ஒரு காணொளியைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. அசையாத படம் ஒன்றைக் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

தப்பு அவர்களிடம் இல்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "யார், எங்கே, என்ன செய்கிறார், என்ன பாடம்" என்று நானே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். சாதாரண நிலைத் தேர்வில் 2016-லும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2017-லும் வாய்மொழி உரையாடலுக்குப் படத்துக்குப் பதிலாகக் காணொளி வந்தது. நிஜ வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைக் காட்டினால் பிள்ளைகள் இயல்பாகப் பேசுவார்கள் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். நாம் என்ன செய்தோம்? படத்துக்கு வைத்திருந்த அதே சட்டத்தைத் தூக்கிக் காணொளிக்கும் மாட்டிவிட்டோம். காணொளியில் ஒலி இருக்கிறது, வெட்டு இருக்கிறது, முதலில் எது பிறகு எது என்ற வரிசை இருக்கிறது, எடுத்தவர் ஒருவர் இருக்கிறார், காசு கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். இதில் ஒன்றைப் பற்றியும் வகுப்பில் பேசுவதில்லை. ஊடக அறிவு என்றால் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது என்று சுருக்கிக்கொண்டு, அதையும் ஆங்கில ஆசிரியரிடம் தள்ளிவிட்டோம்.

ஆகவே இந்தத் தவணை வேறு ஒன்றை முயன்று பார்த்தேன். பயிற்சிக்கென்றே தயாரித்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு ஓர் உண்மையான விளம்பரத்தை எடுத்தேன். யாஸ்மின் அகமது இயக்கிய 'ஃபியூனரல்'. 2009-ல் சிங்கப்பூரின் சமுதாய மேம்பாடு, இளையர், விளையாட்டு அமைச்சுக்காக எடுக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று நிமிடம். யாஸ்மின் மலேசிய இயக்குநர். அவருடைய 'டேலண்டைம்' படத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று வரும், வீட்டில் தமிழ் பேசுவார்கள். அந்தப் படம் வெளிவந்த அதே 2009-ல், ஜூலையில், 51 வயதில் அவர் காலமானார்.

விளம்பரத்தில் நடப்பது இவ்வளவுதான். இறுதிச்சடங்கு. இந்தியப் பெண் ஒருவர் எழுந்து நின்று, இறந்துபோன கணவர் டேவிட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறார். அவரைப் புகழப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். படுக்கையில் அவர் விட்ட குறட்டையைச் சொல்கிறார், காலையில் கிளம்பாத கார் மாதிரி என்று சத்தமே போட்டுக் காட்டுகிறார். அதற்கு அடுத்து வருவதை வகுப்பில் எந்தச் சொல்லால் சொல்வது என்பதே ஒரு தமிழ்ப் பாடமாகிவிட்டது, அதற்குப் பிறகு வருகிறேன். சில இரவுகளில் அந்தச் சத்தத்தில் அவரே விழித்துக்கொண்டு என்ன அது என்று கேட்பாராம், நாய்தான், தூங்குங்கள் என்பாராம் மனைவி. கூட்டம் சிரிக்கிறது. பிறகு குரல் மாறுகிறது. நோய் முற்றிய கடைசி நாள்களில் அந்தச் சத்தங்கள்தாம் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக இருந்தன என்கிறார்.

முதலில் ஒலியை அடைத்துவிட்டுக் காட்டினேன். நீங்களும் இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு பெண் நின்று பேசுகிறார், உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் நெளிகிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள், பிறகு அவர் கண் கலங்குகிறார். என் மாணவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவன் கோபமாகவே கேட்டான்: "சார், சாவு வீட்டுல ஏன் சார் சிரிக்கிறாங்க?" அந்தக் கேள்விக்காகத்தான் ஒலியை அடைத்தேன். பயிற்சித் துண்டுகளில் பெரும்பாலும் பேச்சே இருக்காது, அதனால் படம் மட்டும் போதும் என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். இங்கே படம் மட்டும் பார்த்தால் கதை கைக்கு வராது.

இரண்டாவது முறை திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்டார்கள். மூன்றாவது முறைதான் இரண்டும் சேர்த்து. மூன்றாவது முறையில் அவர்கள் கண் பேசுகிறவரிடம் இல்லை, கேட்கிறவர்களின் முகத்துக்குப் போய்விட்டது. யார் எப்போது சிரிக்க ஆரம்பிக்கிறார்கள், நாம் சிரிப்பதற்கு முன்பா பின்பா என்று அவர்களே பார்த்தார்கள். கூட்டம் சிரித்ததும் நமக்கும் சிரிக்க அனுமதி கிடைக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். இதைவிட நல்ல வெட்டுப் பாடம் என்னால் நடத்தியிருக்க முடியாது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். நம் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும், வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் இது வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "காத்து பிரியுறது" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், பாட்டி அப்படித்தான் சொல்வாராம். அற்புதம். நாம் வேண்டுவதாகச் சொல்லும் நல்ல பேச்சுத் தமிழ் இதுதானே? அடுத்துப் பேச்சின் முடிவு. கணவருடைய குறைகளே அவரைத் தனக்கு நிறைவானவராக ஆக்கின என்ற கருத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். அகராதியைத் திறந்தவர்கள் 'முழுமையின்மை' என்று எழுதினார்கள். யாரும் வீட்டில் அப்படிப் பேச மாட்டார்கள். கடைசியில் கிடைத்தது, "அவர்கிட்ட இருந்த குறையெல்லாம் எனக்குக் குறையாவே தெரியல." மூலத்தைவிடக் கொஞ்சம் மென்மை, ஆனால் உயிர் இருக்கிறது.

ஒப்பாரி பற்றியும் பேச்சு வந்தது. நம் மரபில் இறந்தவரைப் பெண்கள் புகழ்ந்து அழுவார்கள், குறை சொல்வதில்லை. (ஒப்பாரியில் உயிரோடு இருக்கும் உறவினர்களுக்குக் குத்தல் விழும், அது வேறு கதை.) இந்தப் பெண் அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டே மீறுகிறார். மீறுவதால்தான் கூட்டம் நெளிகிறது.

இதுவரை சொன்னது பாராட்டு. ஆனால் நல்ல விளம்பரம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போனால் அதுவும் பதினோரு ஒலிப்பதிவுகளில் ஒன்றுதான். எனக்கு இதில் குறைகள் தெரிகின்றன, அவற்றையும் மாணவர் முன் வைத்தேன்.

முதலாவது, காசு கொடுத்தவர் யார்? ஓர் அமைச்சு. ஏன்? அந்த ஆண்டு சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.22 பிள்ளைகள். மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். திருமணம் செய்துகொள்ளுங்கள், குறையில்லாத ஆளுக்காகக் காத்திருக்காதீர்கள் என்பது விளம்பரத்தின் வேலை. பேச்சின் கடைசியில் அந்தத் தாய் தம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு துணை அமைய வேண்டும் என்று வாழ்த்துகிறார். துக்கம் அந்த இடத்தில்தான் கொள்கையாக மாறுகிறது. அதைக் கவனித்தால் விளம்பரம் கெட்டுப்போகாது, ஆனால் கவனிக்காமல் அழுதுவிட்டுப் போவது வேறு.

இரண்டாவது, டேவிட்டின் குறைகள் மிகவும் மலிவான குறைகள். குறட்டையும் காற்றும் யாருக்குத்தான் மன்னிக்க முடியாதவை? கோபம், சூதாட்டம், பேசாமல் இருந்த வருடங்கள் என்று ஏதாவது ஒன்று வந்திருந்தால் அந்தப் பேச்சு என்ன ஆகியிருக்கும்? எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்வதுதான் அன்பு என்று ஒரு மாணவி எழுதியபோது நான் நிறுத்தினேன். எல்லாக் குறையையும் என்று விளம்பரம் சொல்லவில்லை, அது சொல்லாமல் விட்டதை நாம் நிரப்பிக்கொள்கிறோம், நிரப்பும்போது ஜாக்கிரதை என்றேன். பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது சின்ன விஷயம் கிடையாது.

மூன்றாவதை நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னார்கள். மனைவி இந்தியர், கணவர் சீனர், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது அழகா, தப்பித்தலா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நான் அழகு என்ற பக்கம். "எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க சார், அப்ப தெரியும்" என்றான் ஒருவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் வரும் துண்டு இவ்வளவு ஆழமாக இருக்காது. இருந்தாலும் தயாரிப்பு நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எடுத்தவர் எதைக் காட்டாமல் விட்டார்? முதியவருக்கு இடம் கொடுக்காத அந்தப் பையன் அன்றைக்குக் காய்ச்சலோடு இருந்தானா, நமக்குத் தெரியுமா? அதைச் சொன்னால் தேர்வாளர் அடுத்த கேள்வி கேட்பார். அங்கேதான் உரையாடல் ஆரம்பிக்கிறது. "நாம் மதிக்கணும்" என்ற இடத்தில் அவருக்குக் கேட்க ஒன்றுமே இருக்காது.

ஆசிரியர்களுக்கு, நேரக் கணக்கு. மூன்று முறை காட்டி, பேசி முடிக்க எனக்கு இரண்டு பாடவேளை ஆனது. பாடத்திட்டத்தில் அதற்கு இடம் கிடையாது, இரண்டு பயிற்சித் தாள்களைக் கைவிட்டேன். ஒரு பெற்றோர் ஏன் என்று கேட்டார், ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுச் சம்மதம் இல்லாமல்தான் போனார். இன்னொன்று, அண்மையில் வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த விளம்பரத்தை எடுக்காதீர்கள். நான் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டேன்.

வீட்டு வேலையாக, டேவிட் பதில் பேசினால் என்ன சொல்வார் என்று ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். பெரும்பாலும் நன்றியும் அன்பும்தான் வந்தது. சாவு வீட்டில் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்ட அதே மாணவன் அனுப்பியது பன்னிரண்டு விநாடிதான்: "நாய் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. நீ தூங்கணும்னுதான் ஒண்ணும் சொல்லல."