வதந்தியைப் படமாக்குதல்

1993இல் ஹொங்கொங்கில் வெளியான 'தி அன்டோல்ட் ஸ்டோரி' திரைப்படத்தை வெறும் இரத்தக்களரி என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஒதுக்கிவிட்டால், அது இழைத்த தவறு எதுவென்று பேசாமலே போய்விடுவோம்.

1985இல், அப்போது போர்த்துக்கேயர் வசமிருந்த மக்காவோவில், உணவகமொன்றை நடத்திய குடும்பம் அடியோடு அழிக்கப்பட்டது. கொல்லப்பட்டோர் பத்துப் பேர். ஐவர் அந்த வீட்டுப் பிள்ளைகள். சூதாட்டக் கடன்தான் காரணமெனப்பட்டது. கைதானவன் 1986இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டான். உடற்பாகங்கள் பல கிடைக்காமற் போகவே, அவை பன்றியிறைச்சி வைத்து அவிக்கும் 'பாவ்' பணியாரத்துக்குள் போய்விட்டன என்று ஊர் பேசியது. அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை.

நெறியாளர் ஹேர்மன் யாவ் அந்த ஊர்ப்பேச்சைத்தான் படத்தின் முதுகெலும்பாக்கினார். சீன மொழியில் படத்தின் பெயரிலேயே உணவகத்தின் உண்மைப் பெயரும் மனித இறைச்சிப் பாவும் சேர்ந்து வருகின்றன. பொலிஸார் பாவை ருசித்துத் தின்கிறார்கள். பின்னர் விஷயம் தெரிந்து குமட்டுகிறார்கள். அரங்கு சிரிக்கவென்று வைத்த இடம் அது. சாப்பாட்டுக் கடையொன்றின் மேல் விழும் வதந்தி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நமது வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனாலும் பிற்பகுதி வேறு தரம். முன்னர் கோமாளிகளாகத் திரிந்த அதே பொலிஸார் சந்தேக நபரை அடித்தும் தூங்கவிடாமலும் வாக்குமூலம் பறிக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு அது பழகிய வேலை என்பது பார்த்தவுடன் புரிகிறது. அவன் கொலைகாரன், நமக்குத் தெரியும். அடிப்பவர்கள் பக்கமும் நிற்க முடியவில்லை. இந்தத் தத்தளிப்பைத் தருவது அன்தனி வொங்கின் முகம். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடைசெய்யப்பட்ட மூன்றாம் வகைப் படமொன்றுக்காக, 1994இல் ஹொங்கொங் திரைப்பட விருது விழாவில் அவர் சிறந்த நடிகரானார். நியாயமான தெரிவு.

வாக்குமூலத்தின்போது பிள்ளைகளின் கொலை காட்டப்படுகிறது. பலர் இந்தக் காட்சியைத்தான் படத்தின் பெருங்குற்றம் என்பார்கள். பார்ப்பது கொடுமைதான், கமரா விலகவேயில்லை. ஆனால் படம் முழுக்க ஓடிய பகிடி அங்கே நின்றுவிடுகிறது. அதுவரை பாவுக்குள் இருப்பது என்னவென்று விடுகதை போட்ட படம், இறந்தவர்கள் யாரென்று முதன்முறையாகத் திரும்பிப் பார்ப்பது அங்கேதான். அதற்குள் படம் முடியும் நேரமாகிவிடுகிறது.