ஐந்து கட்டங்களும் ஒரு பெயரும்

நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, பிறகு கட்டளை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும், 1970களில் யூனிக்ஸில் பிறந்த கிரானின் வரி லினக்ஸில் இன்றும் அப்படியேதான். ஒரு சர்வரில் அது சமர்த்துப் பிள்ளை. நூறு சர்வர்களில் எது எப்போது ஓடுகிறதென்று யாருக்கும் தெரியாது.

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவியான ஆன்சிபிள் இதைக் கையாளும் விதம் அலாதி. சர்வர்களில் ஏஜென்ட் எதையும் நிறுவாமல் எஸ்எஸ்எச் வழியே போகும். கிரான் வரிகள் இருக்கும் கிரான்டேப் கோப்பில், வேலையின் பெயரைக் குறிப்பு வரியாக மேலே எழுதி, கட்டளையைக் கீழே வைக்கும். அடுத்த முறை அந்தப் பெயரைத் தேடித்தான் திருத்தும். எத்தனை முறை ஓட்டினாலும் வரி இரட்டிக்காது. பெயரை மாற்றினாலோ, பழைய வரி கேட்பாரற்று ஓடிக்கொண்டிருக்கும்!

எல்லா சர்வர்களின் பேக்கப்பையும் நள்ளிரவு 12 மணிக்கே வைக்கிற பழக்கம்தான் ஏனோ போகமாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் ஆன்சிபிளிலேயே, சர்வரின் பெயரை ரேண்டம் எண்ணுக்கு விதையாக்கி நிமிடத்தைக் கணக்கிடலாம். வேலைகள் பரவிவிடும்; ஒவ்வொரு சர்வருக்கும் அதன் நிமிடம் மாறவும் மாறாது.